கிட்டாரின் புஷ்-புல் பாட்டை (குமிழை) இழுத்தாலும் அழுத்தினாலும் ஒரே ஒலி: ஹம்பக்கரைப் பிரிக்க வழி சொல்லுங்கள்

ஞாயிறுகிட்டார், பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஆறு ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். மின்வேலையில் எனக்குப் பழக்கம் இல்லை. பற்றவைக்கும் கோலை இந்த மாதம்தான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன்.

என்னிடம் இருப்பது ஒருவரிடம் பழையதாக வாங்கிய கிட்டார். இரண்டு ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகை), ஒரு வால்யூம், ஒரு டோன், மூன்று நிலை செலக்டர் சுவிட்ச். அதிலிருந்த பிக்கப்கள் மங்கலாக ஒலித்ததால், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் விடுமுறைக்கு வந்தபோது சீமோர் டங்கன் பிக்கப் இரண்டு வாங்கி வந்தான். நெக்கில் (கழுத்துப் பக்கம்) 59 என்ற மாடல், பிரிட்ஜில் (தந்திகளின் அடிமுனைப் பக்கம்) ஜேபி என்ற மாடல். இரண்டிலும் நான்கு நிற வயர்களும், உறையில்லாத ஒரு வெறும் கம்பியும் வருகின்றன.

என் தேவை இதுதான். காலை ஆராதனையில் ஞானப்பாட்டுகளுக்கும் கீர்த்தனைகளுக்கும் ஆர்கனோடு சேர்ந்து மெல்லிய, தெளிவான ஒலி வேண்டும். மாலையில் வாலிபர் கூட்டத்தின் துதிப் பாடல்களுக்குக் கனமான ஒலி வேண்டும். ஹம்பக்கரின் இரு சுருள்களில் ஒன்றை வேண்டும்போது ஒதுக்கினால் ஒரே கிட்டாரில் இரண்டும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, டோன் பாட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 500 கிலோ ஓம் புஷ்-புல் பாட் (இழுத்தும் அழுத்தியும் சுவிட்சாகப் பயன்படுத்தும் குமிழ்) ஒன்றைப் பொருத்தினேன். இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடத்தை அச்சிட்டு, அதைப் பார்த்தே இணைத்தேன். சிவப்பு வயர் ஹாட் (ஒலி வெளியே போகும் முனை), பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்டு, கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்துப் புஷ்-புல் சுவிட்சின் நடுக்கால் என்று அதில் இருந்தது. இழுத்தால் அந்த நடுக்கால் கிரவுண்டோடு சேரும்படி செய்தேன். இரண்டு பிக்கப்புக்கும் அப்படியேதான்.

இப்போது பாட்டை இழுத்தாலும் அழுத்தினாலும் ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. எப்போதும் மெலிந்த ஒலிதான். அதைவிட மோசம், பழைய பிக்கப்பில் இல்லாத உறுமல் வந்துவிட்டது. எங்கள் ஆலயத்தில் இன்னும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டுகள். குருவானவர் ஜெபம் செய்ய ஆரம்பித்ததும் சபை அமைதியாகிறது. அந்த அமைதிக்குள் என் ஸ்பீக்கர் மட்டும் 'ம்ம்ம்' என்று இரைகிறது. சென்ற ஞாயிறு முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபம் முடியும்வரை வால்யூமை மூடி வைத்திருந்தேன். மனம் மிகவும் சங்கடப்பட்டது.

தந்திகளைக் கையால் தொட்டால் உறுமல் சற்றுக் குறைகிறது. செலக்டரை நடுவில் வைத்தாலும் உறுமுகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதோடு தொடர்புண்டா என்று தெரியவில்லை: கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் பாடும்போது இரண்டு முறை உதட்டில் சுருக்கென்று குத்தியது.

எங்கே தவறு செய்தேன்? சுவிட்ச் பழுதா, பிக்கப் பழுதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மூன்றாம்ஃப்ரெட், சென்னை

எனக்குச் சுவிட்ச் மேல்தான் சந்தேகம். புஷ்-புல் பாட்டின் கால்களில் அதிக நேரம் சூடு வைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகிச் சுவிட்ச் அசையாமல் போய்விடும். எனக்கே ஒரு முறை அப்படி ஆனது. ரிச்சி தெருவில் தேடி வேறொன்று வாங்கி மாற்றினேன், சரியாகிவிட்டது. நீங்களும் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். உறுமலுக்குக் கிட்டாரின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டலாம்.

போத்தனூர்சிக்னல், கோவை

தம்பி, சுவிட்சைக் கழற்றாதீர்கள். செப்புத் தகடும் இப்போது வேண்டாம். உங்கள் சுவிட்சும் பிக்கப்பும் நன்றாகவே இருக்கின்றன என்பது என் கணிப்பு. நீங்கள் அச்சிட்டு வைத்திருக்கும் வரைபடம் வேறு கம்பெனியின் நிற முறைக்கு வரைந்தது. சிவப்பு ஹாட், கறுப்பு-வெள்ளை இணைப்பு என்பது டிமார்ஜியோ முறை. சீமோர் டங்கன் பிக்கப்பில் கறுப்புதான் ஹாட். சிவப்பும் வெள்ளையும் சேர வேண்டும். பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்டு. பச்சை இரண்டு முறையிலும் ஒரே வேலையைச் செய்வதால்தான் பலரும் இதில் ஏமாறுகிறார்கள்.

உங்கள் இணைப்பில் என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். ஹம்பக்கருக்குள் இரண்டு சுருள்கள். ஒன்றில் வரிசையாகத் திருகுகள் தெரியும், மற்றதில் தலை மழுங்கிய இரும்பு ஆணிகள். திருகுச் சுருள், ஆணிச் சுருள் என்று வைத்துக்கொள்வோம். டங்கனில் கறுப்பும் வெள்ளையும் ஆணிச் சுருளின் இரு முனைகள். சிவப்பும் பச்சையும் திருகுச் சுருளின் இரு முனைகள். நீங்கள் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்ததும் ஆணிச் சுருள் வளையல் போலத் தனக்குள்ளேயே மூடிக்கொண்டது. அதிலிருந்து ஒரு சத்தமும் வெளியே வராது. மிச்சம் இருப்பது சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே திருகுச் சுருள் ஒன்றுதான். இழுத்தால் என்ன ஆகிறது? ஏற்கெனவே மூடிக்கிடக்கும் சுருளைக் கொண்டுபோய்க் கிரவுண்டில் வைக்கிறீர்கள். அதனால்தான் ஒலி மாறவில்லை. இந்த ஒரு மாதமும் நீங்கள் வாசித்தது பாதி பிக்கப்பில்.

உறுமலுக்கும் காரணம் அதுவே. அமெரிக்காவின் கலமசூ நகரில் கிப்சன் கிட்டார் தொழிற்சாலையில் இருந்த செத் லவர் இந்த இரட்டைச் சுருளுக்கு 1955இல் காப்புரிமை கேட்டார். 1957இல் கிட்டார்களில் வந்தது. உரிமை கைக்குக் கிடைத்தது 1959இல். அவருடைய யோசனை எளிமையானது. ஒரு சுருளுக்கு வடமுனைக் காந்தம், மற்றதற்குத் தென்முனை. இணைப்பின் திசையும் எதிர்மாறு. தந்தியின் அதிர்வு காந்தத்தை வைத்து வருவதால் இரண்டு முறை திரும்பி, நேராகிக் கூடிவிடும். சோக்கிலிருந்தும் மின்மாற்றியிலிருந்தும் வரும் உறுமலுக்குக் காந்தம் எப்பக்கம் என்ற கணக்கே இல்லை. அது ஒரு முறைதான் திரும்பும், ஆகவே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும். ஒரு சுருளை மூடிவிட்டால் அடிக்க ஆள் இல்லை. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் உங்கள் டியூப்லைட் சோக்கும் நேராக ஸ்பீக்கருக்கு வந்துவிடுகின்றன. இரண்டு பிக்கப்பிலும் திருகுச் சுருளே மிஞ்சியிருப்பதால் செலக்டரை நடுவில் வைத்தாலும் அடங்கவில்லை.

என் பேச்சை நம்பிப் பற்றவைக்க வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். மூடியைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. கிட்டார் ஜாக்கில் வயரைச் செருகுங்கள், மறுமுனையை ஆம்ப்ளிஃபயரில் செருகாமல் வெளியே விடுங்கள். வால்யூமை முழுவதும் திறந்து வையுங்கள். மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, பிளக்கின் நுனியிலும் உடலிலும் முனைகளைத் தொடுங்கள். 59 நெக் முழுதாக இருந்தால் 7.4 அருகிலும் ஜேபி 16.4 அருகிலும் காட்ட வேண்டும். உங்களுக்கு அதில் பாதிதான் காட்டும் என்கிறேன். ஒன்றை மறக்காதீர்கள்: கம்பெனி சொல்லும் எண் குளிர்ந்த அறைக்கு உரியது. செம்பு சூடானால் ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவுக்குத் தடை ஏறும். பாளையங்கோட்டையின் 36 டிகிரி மதியத்தில் ஆறு சதவீதம் கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம்.

நான் போத்தனூர் ரயில்வே சிக்னல் பணிமனையில் 31 ஆண்டு வேலை பார்த்தவன். ரிலே பெட்டிகளுக்கு வயர் கட்டுவது என் வேலை. சேர்ந்த புதிதில் நிறத்தைப் பார்த்து ஒரு கட்டை இணைத்துவிட்டேன். மேஸ்திரி வந்து கையைத் தட்டிவிட்டார். "மணி அடித்துப் பார்த்தாயா?" என்று ஒரே கேள்வி. ஒரு முனையில் பேட்டரியையும் மணியையும் வைத்து மறுமுனையைத் தொட்டு, மணி அடித்தால்தான் அது அந்த வயர் என்று ஒப்புக்கொள்வோம். சிக்னல் வயர் தவறினால் ரயில் தவறான தடத்தில் போகும். கிட்டாரில் அவ்வளவு ஆபத்து இல்லை, ஆனாலும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இன்றும் எந்தப் பிக்கப் கைக்கு வந்தாலும் நான்கு வயரையும் பிரித்து வைத்து, இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்ப்பேன். நான்கு வயரில் ஆறு ஜோடிகள் உண்டு. அவற்றில் இரண்டு ஜோடிதான் எண் காட்டும். அந்த இரண்டும்தான் இரு சுருள்கள். எது திருகு, எது ஆணி என்று அறிய மீட்டரை அப்படியே இணைத்து வைத்து, ஸ்குரூடிரைவரின் இரும்பு நுனியைத் திருகின் தலையில் வைத்துச் சட்டென்று எடுங்கள். அது உயிருள்ள சுருளானால் எண் ஒரு கணம் துள்ளும். பழைய முள் மீட்டர் இருந்தால் இன்னும் அழகாகத் தெரியும், முள் உதைக்கும்.

அளந்த பின் இணைப்பை இப்படி மாற்றுங்கள். இரண்டு பிக்கப்பிலும் கறுப்பு செலக்டரின் அந்தந்தக் காலுக்குப் போகட்டும். பச்சையும் வெறும் கம்பியும் வால்யூம் பாட்டின் முதுகில் கிரவுண்டாகட்டும். நெக்கின் சிவப்பையும் வெள்ளையையும் முறுக்கிப் புஷ்-புல் சுவிட்சின் ஒரு வரிசை நடுக்காலில் வையுங்கள். பிரிட்ஜின் சிவப்பும் வெள்ளையும் அடுத்த வரிசை நடுக்காலுக்கு. ஆறு கால்களில் ஒவ்வொரு மூன்றும் ஒரு தனிச் சுவிட்ச், நடுக்கால்தான் பொதுக்கால். இழுத்தால் நடுக்கால் மேல்காலோடு சேர்கிறதா, கீழ்க்காலோடா என்பதை உங்கள் பாட்டிலேயே மீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை நம்ப வேண்டாம்.

இனி, பலரும் கவனிக்காத ஒரு நுட்பம். இரண்டு பிக்கப்பிலும் அந்த இணைப்பைக் கிரவுண்டில் வைத்தால் இரண்டிலும் ஒரே வகைச் சுருள் மிஞ்சும். நடுநிலையில் மறுபடியும் உறுமல்தான். அதனால் நெக்கில் மட்டும் இழுத்த நிலைக்காலைக் கிரவுண்டில் வையுங்கள். ஆணிச் சுருள் மிஞ்சும். பிரிட்ஜில் இழுத்த நிலைக்காலை, பிரிட்ஜின் கறுப்பு வயர் வந்து சேரும் செலக்டர் காலுக்கே கொண்டுபோங்கள். அப்போது ஆணிச் சுருளின் இரு முனையும் ஒன்றாகி அது ஒதுங்கும். திருகுச் சுருள் மிஞ்சும். இப்போது நடுநிலையில் ஒரு வடமுனை, ஒரு தென்முனை. உங்கள் ஜேபியில் சுற்றுகள் அதிகம், 59இல் குறைவு. ஆகவே உறுமல் முழுதும் சாகாது, ஆனால் ஜெபத்தின்போது முன்வரிசை திரும்பிப் பார்க்காத அளவுக்கு அடங்கும்.

பாட்டின் முதுகில் பற்றவைக்க 25 வாட் கோல் போதாது. சூடு ஏறுவதற்குள் பாட்டின் உட்பகுதி வெந்துவிடும். 60 வாட் கோலை எடுத்து, முதுகை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, நான்கு விநாடிக்குள் வேலையை முடியுங்கள்.

உதட்டில் குத்தியதைப் பற்றி இன்றிரவு தனியாக எழுதுகிறேன். அதுவரை அந்த ஆம்ப்ளிஃபயரில் வாசிக்காதீர்கள். கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தாழ்வாரம், திருச்சி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றுகிறேன். வீட்டில் வாசிப்பதும் இரட்டை ஹம்பக்கர் கிட்டார்தான். உறுமல்தான் உங்கள் முதல் துன்பம் என்றால், சுருளைப் பிரிப்பதற்கு முன் பக்க இணைப்பை முயன்று பாருங்கள். ஒரு சுருளை ஒதுக்காமல், இரண்டையும் தொடராக வைப்பதற்குப் பதில் பக்கம் பக்கமாக வைப்பது. இரண்டு சுருளும் உயிரோடு இருப்பதால் உறுமல் அடங்கியே இருக்கும். உயர்ந்த ஒலிகளைத் தடுக்கும் சுருளின் குணமான தூண்டல் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைவதால் ஒலி வெளிச்சமாகும். ஜேபி போன்ற கனத்த பிக்கப்புக்கு இது மிகவும் பொருந்துகிறது. என் பிரிட்ஜில் இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒரு பிக்கப்புக்கே ஆறு கால்களும் தேவைப்படும். வெள்ளையை ஒரு நடுக்காலிலும் சிவப்பை மற்ற நடுக்காலிலும் வையுங்கள். அழுத்திய நிலைக்குரிய இரண்டு கால்களையும் ஒரு சிறு கம்பியால் ஒன்றோடொன்று இணையுங்கள். அதுதான் வழக்கமான தொடர் இணைப்பு. இழுத்த நிலையில் வெள்ளைப் பக்கத்துக் கால் கிரவுண்டுக்கும் சிவப்புப் பக்கத்துக் கால் கறுப்பு வயர் இருக்கும் இடத்துக்கும் போக வேண்டும். கறுப்பும் பச்சையும் எப்போதும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வால்யூம் பாட்டையும் புஷ்-புல்லாக மாற்றிவிட்டால் பிரிட்ஜுக்கு ஒன்று, நெக்குக்கு ஒன்று என்று ஆகிவிடும்.

தனிச்சுருளின் கூர்மை அப்படியே இதில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விரலை எடுத்தவுடன் தெறிக்கும் அந்த ஒலிக்கு ஒரு சுருள்தான் வேண்டும். ஆனால் ஆர்கன் அருகில் மெல்லியதாக வாசிக்க இது போதும் என்று நினைக்கிறேன்.

போத்தனூர்சிக்னல், கோவை

திருச்சி அம்மா சொன்னது முற்றிலும் சரி. ஜேபிக்கு அதையே செய்யுங்கள் தம்பி.

இப்போது உதட்டு விஷயம். தந்தியைத் தொட்டால் உறுமல் குறைவது இயல்பு. உங்கள் உடம்பு வாங்கி வைத்திருக்கும் இரைச்சலை, பிரிட்ஜுக்கு அடியில் ஓடும் கிரவுண்டு வயர் இறக்கிவிடுகிறது. உதட்டில் குத்துவது இயல்பே அல்ல. தந்தி, பாட், ஜாக், ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டி எல்லாம் ஒரே கம்பியாகச் சேர்ந்தவை. மைக்கின் வலைத்தலை மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் இருந்தால் அது உங்கள் கைக்கும் வாய்க்கும் நடுவே, நெஞ்சு வழியாகத்தான் ஓடும். ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் போய்ச் சேரவில்லை என்பது என் அச்சம். மூன்று துளை உள்ள பெட்டியாக இருக்கலாம், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இல்லாமலும் இருக்கலாம். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் நான் எத்தனையோ அப்படிப் பார்த்திருக்கிறேன். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். மிக்சரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எர்த்தில் வைக்கச் சொல்லுங்கள். தந்தியின் கிரவுண்டு வயரை வெட்டிவிட்டால் குத்தாது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நோயை விட்டுவிட்டு வலி தெரியும் இடத்தை மரக்கச் செய்வது அது.

ஞாயிறுகிட்டார், பாளையங்கோட்டை

ஐயா, சகோதரி, இருவருக்கும் நன்றி.

நேற்று மதியம் அளந்தேன். நெக் 3.9, பிரிட்ஜ் 8.6. நீங்கள் சொன்ன பாதி, அதற்கு மேல் வெயிலின் பங்கு. அந்த எண்ணைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. வரைபடத்தைக் கிழித்துவிட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் பிரித்து, இரண்டிரண்டாகத் தொட்டு, ஜோடி ஜோடியாகக் காகிதத்தில் எழுதிய பிறகே கோலை எடுத்தேன். ஸ்குரூடிரைவர் நுனியைத் திருகில் வைத்து எடுத்தபோது எண் துள்ளியதைக் காட்ட என் மகளையும் கூப்பிட்டேன்.

இப்போது முழுநிலையில் நெக் 7.8, பிரிட்ஜ் 16.8. உறுமல் போய்விட்டது. இந்தக் கிட்டாரின் உண்மையான குரலை இப்போதுதான் கேட்கிறேன். சோதித்துப் பார்த்தது வீட்டில், மூன்றாவது துளைக்கு எர்த் உண்டு என்று உறுதிசெய்த பிறகுதான்.

இழுத்தால் மாற்றமும் வருகிறது. ஆனால் நெக் பிக்கப்பைப் பிரித்தால் ஒலி மிகவும் வற்றிவிடுகிறது. கீர்த்தனைக்கு அடியில் நிற்க வேண்டிய கனம் இல்லை, சத்தமும் சட்டென்று இறங்குகிறது. இதற்கு வழி உண்டா?

போத்தனூர்சிக்னல், கோவை

உண்டு. இரண்டு ரூபாய் வேலை.

59இன் ஒரு சுருளுக்கு 3.7 கிலோ ஓம்தான். அது தனியாக நிற்கத் தெம்பு இல்லாத சுருள். மற்றதை முழுதும் ஒதுக்காமல் கொஞ்சம் உள்ளே விடுங்கள். இழுத்த நிலைக்காலிலிருந்து கிரவுண்டுக்கு நேராகப் போகும் கம்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். கால் வாட் போதும். திருகுச் சுருளின் தாழ்ந்த ஒலிகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் உள்ளே வரும். உயர்ந்த ஒலிகளுக்குச் சுருளின் தூண்டலே பெரிய தடையாக நிற்பதால் அவை ஏறத்தாழ வராது. அதாவது கனம் திரும்பும், தனிச்சுருளின் தெளிவு கெடாது. 50 ஹெர்ட்ஸ் உறுமலும் தாழ்ந்த ஒலிதானே, அதுவும் அந்த மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அடிபடும். நான் இதைப் பல கிட்டார்களில் வைத்துவிட்டேன், ஒருவர்கூட எடுத்துவிடச் சொல்லவில்லை.

நிரந்தரமாக வைப்பதற்கு முன் கிராகடைல் கிளிப் இரண்டை வெளியே இழுத்து வைத்து, 1 கிலோ ஓம், 2.2, 3.3 என்று மாற்றி மாற்றிப் போட்டு வாசித்துப் பாருங்கள். மதிப்பு ஏற ஏற ஹம்பக்கர் பக்கம் சாயும், இறங்க இறங்கத் தனிச்சுருள் பக்கம். ஜேபியைப் பக்க இணைப்பு செய்யாமல் பிரித்தே வைப்பதானால் அதற்கு 4.7 கிலோ ஓமில் ஆரம்பியுங்கள். அங்கே ரெசிஸ்டர் நிற்க வேண்டிய இடம் செலக்டர் காலுக்குப் போகும் கம்பியில்.

வீட்டில் தனியாக வாசித்து முடிவு செய்யாதீர்கள். ஆர்கனோடு, குழுவோடு, ஆலயத்தின் எதிரொலியோடு கேட்டு முடிவு செய்யுங்கள். அறையில் அழகாக இருந்த எத்தனையோ ஒலி, ஆர்கனின் இடது கைக்குள் போய்க் காணாமல் போயிருக்கிறது. ஆனால் எர்த் சரியான பிறகுதான் ஆலயத்தில் செருக வேண்டும், சரிதானே?

ஞாயிறுகிட்டார், பாளையங்கோட்டை

சரி ஐயா. இன்று ஆலயத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை. மின்பணியாளர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். சுவரில் உள்ள எர்த்தையும் அளக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஞாயிறு சாதாரணக் கிட்டாரில், மைக் இல்லாமல் வாசிக்கிறேன். ரெசிஸ்டர் மூன்று வாங்கிவிட்டேன். இரண்டாவது புஷ்-புல் பாட் அடுத்த மாதச் சம்பளத்தில். நெக்குக்கு 2.2 போட்டு ஆர்கனோடு கேட்டுவிட்டு எழுதுகிறேன்.